அவகாசம்

கரைவலை இழுக்கையில் அம்பா எடுத்துக்கொடுப்பவர் அடிகளை நின்ற நிலையிலேயே கட்டுகிறார். கயிற்றில் நிற்போர் வாங்கிப் பாடுகிறார்கள். மன்னார்க் கரை அறிந்தோருக்கு இது புதிதல்ல. எதைப் பாடுவது என்பதில் அவருக்குச் சுதந்திரம் உண்டு. எவ்வளவு விரைவாக என்பதில் இல்லை. கடைசியில் நிற்பவரின் கையும் தாங்க வேண்டும்.

ஜாஸ் இசையிலும் மனோதர்மமே உயிர். அங்கே இந்த ஒழுங்கு மீறப்பட்டால்?

1959 மே மாதம் நியூயோர்க்கில் சாக்ஸபோன் கலைஞர் ஜோன் கொல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற தன் மெட்டைப் பதிவுசெய்தார். 16 தாள அளவுகளுக்குள் 26 தடவை சுரக்கூட்டு மாறுகிறது. ஆதார சுருதியே மூன்று இடங்களுக்குத் தாவுகிறது. வேகமோ மூச்சுவிட இடம் தராது. கிட்டார் பயில்வோர் இன்றும் அதை ஒரு பரீட்சையாகவே கொள்கிறார்கள். கொல்ட்ரேன் அந்தப் பாதையில் நெடுநாள் பயின்று வந்தவர். பியானோ வாசித்த டொமி ஃபிளனகனுக்கு மெட்டு முன்பே காட்டப்பட்டிருந்தது. அந்த வேகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் முறை வந்தபோது வாசிப்புத் தடுக்குகிறது, இடைவெளி விடுகிறது, கடைசியில் வெறும் சுரக்கூட்டுகளில் ஒதுங்குகிறது. இசைத்தட்டு அப்படியே வெளிவந்தது.

மனோதர்மம் அந்தக் கணத்தில் பிறப்பது என்கிறோம். அப்படியானால் அன்று அந்தக் கணத்தில் வெறுங்கையோடு நின்றவர் தடுமாறியவரே. அவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சமாளித்தவரைப் புகழ்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் விதித்த சில நாள் கெடுவில் எருக்கலம்பிட்டி மக்கள் ஊரைவிட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். ஓலைக் கொட்டில்களில் குடும்பம் நடத்திப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். "எப்படித்தான் சமாளித்தீர்கள்!" என்று வியப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் அன்பு உண்டு. ஆனால் கெடு விதித்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்த வியப்புக்குள் அமுங்கிப்போகிறது. (இசைக்கூடத்துச் சங்கடத்தையும் ஊரைப் பறித்ததையும் நான் ஒரே தராசில் நிறுக்கவில்லை. கேள்வியின் உரு மட்டுமே ஒன்று.)

ஃபிளனகன் 1982இல் தன் மூவர் குழுவோடு அதே மெட்டை மறுபடி பதிவுசெய்தார், இம்முறை சரளமாக. கிட்டார் கலைஞர் பட் மெத்தினி 2000இல் வெளியான தன் இசைத்தட்டில் அதை வேகம் குறைத்து, பிரேசிலின் பொசா நோவா நடையில் வாசித்திருக்கிறார். திருப்பங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன; கிட்டார் ஒவ்வொன்றிலும் சற்று நின்று பேசிவிட்டுப் போகிறது.