பலன் கருதாமல் ஆட முடியுமா?

ஒரு செயலின் மதிப்பு அது ஈட்டும் பலனில் இருக்கிறதா, அதைச் செய்யும் முறையில் இருக்கிறதா என்ற கேள்வியை இந்தியத் தத்துவ மரபும் கிரேக்க, ரோமானிய மரபுகளும் தத்தம் வழியில் நெடுங்காலம் விவாதித்துள்ளன. அவ்விவாதங்களில் எடுத்துக்காட்டாக வருபவை பெரும்பாலும் வேள்வி, போர், வில்வித்தை ஆகியவையே. இவற்றில் பலன் கிட்டவும் கூடும், கிட்டாமற்போகவும் கூடும் என்பதால், பலனில் பற்று வைக்காதே என்ற அறிவுரை ஐயத்தின் நடுவே மனத்தை நிலைநிறுத்தும் பயிற்சியாகப் பொருள்படுகிறது. ஆனால் பலன் கிட்டாது என்பது ஏறத்தாழ உறுதியாகத் தெரிந்த பின்னரும், ஒரு செயலைப் பல பத்தாண்டுகள், ஊரறிய, ஒரு நாட்டின் பெயரால் செய்துவருவோரை முன்வைத்து இக்கேள்வி கேட்கப்படுவது அரிது. அப்படிக் கேட்பதற்கு ஐரோப்பாவின் மிகச் சிறிய நாடுகளுள் ஒன்றான சான் மரினோவின் கால்பந்து அணியைப் போல் பொருத்தமான சான்று வேறொன்று கிடைப்பது கடினம்.

நாற்புறமும் இத்தாலியால் சூழப்பட்ட சான் மரினோவின் பரப்பளவு ஏறக்குறைய 61 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 34,000. டால்மேஷியக் கடற்கரையின் ராப் தீவிலிருந்து வந்த மரினுஸ் என்ற கல்தச்சர், பிற்காலத்தில் புனிதராக வணங்கப்பட்டவர், கி.பி. 301-இல் டிட்டானோ மலையில் இச்சமூகத்தை நிறுவினார் என்பது அந்நாட்டு மரபு. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இருவர் நாட்டின் கூட்டுத் தலைவர்களாகப் பொறுப்பேற்கும் முறை இன்றும் அங்கே தொடர்கிறது. 1797-இல் நெப்போலியன் எல்லையை விரித்துத் தர முன்வந்தபோது, சிறியதாக இருப்பதே தன் விடுதலைக்குக் காப்பு என்று கருதி அக்குடியரசு அதை மறுத்துவிட்டது. கூடுதல் நிலம் வேண்டாம் என்று சொன்ன அரசுகள் வரலாற்றில் மிகச் சிலவே.

அந்நாட்டின் கால்பந்துச் சங்கம் 1931-இல் தோன்றியதாயினும், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் அது உறுப்பினரானது 1988-இல்தான். அதற்கு முன்பு அந்நாட்டில் பிறந்த திறமையாளர் ஒருவருக்குச் சர்வதேச அரங்கில் இத்தாலியரின் இடமே வாய்த்தது. யுவென்டஸ் கழகத்துக்காக ஆடி 1985-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற மாசிமோ போனினி அத்தகையவர். இத்தாலியின் இளையோர் அணியிலும் ஆடிய அவர், தம் நாட்டுக்கென்று அணி உருவானதும் ஆட்டவாழ்வின் இறுதிக் கட்டத்தில் அதில் சேர்ந்து, ஐரோப்பாவின் உச்சியிலிருந்து அதன் அடிவாரத்துக்கு இறங்கி வந்தார். 1990 நவம்பர் 14 அன்று, ஐரோப்பியப் போட்டிக்கான தகுதிச்சுற்றில், செராவல்லே நகரத் திடலில் சுவிட்சர்லாந்திடம் 0-4 என்று தோற்றதிலிருந்து அவ்வணியின் போட்டி வரலாறு தொடங்குகிறது.

அதன்பின் வந்தவற்றைத் தோல்விகளின் பட்டியலாகச் சொல்லிவிடலாம். ஆனால் அப்பட்டியலில் இடையிடையே வேறு சிலவும் உள்ளன. 1993 மார்ச்சில் துருக்கியுடன் கோலின்றிச் சமன் செய்து முதல் புள்ளியைப் பெற்றது. 2001 ஏப்ரலில் ரீகா நகரில் லாட்வியாவுடன் 1-1 என்று சமன் செய்தபோது, அந்த அவமானத்தைத் தாங்காமல் லாட்வியப் பயிற்சியாளர் பதவி விலகினார். 2004 ஏப்ரல் 28 அன்று, தன்னைப்போன்றே சிறிய நாடான லிக்டன்ஸ்டைனை நட்புமுறை ஆட்டமொன்றில் ஆன்டி செல்வா அடித்த ஒரே கோலால் வென்றது. இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனி அதே செராவல்லே திடலில் 13-0 என்று நொறுக்கியது. 2014 நவம்பரில் எஸ்தோனியாவுடன் கோலின்றிச் சமன் செய்தபோது, தொடர்ச்சியான 61 தோல்விகள் முடிவுக்கு வந்தன. ஃபிஃபாவின் தரவரிசையில் பல்லாண்டுகளாகக் கடைசி இடமே அவ்வணிக்கு உரியதாயிற்று.

அணியினரில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வருவோர். இவர்களோடு உலகின் முதன்மையான தொழில்முறை ஆட்டக்காரர்கள் மோதுவது தகுமா என்ற கேள்வி 2016 நவம்பரில் வெளிப்படையாகவே எழுந்தது. செராவல்லேயில் ஜெர்மனி 8-0 என்று வென்ற பின்னர், அவ்வணியின் தாமஸ் முல்லர், இத்தகைய ஆட்டங்களுக்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் தொடர்பில்லை என்ற பொருளில் பேசினார். சான் மரினோ ஒலிம்பிக் குழுவின் செய்தித் தொடர்பாளர் பத்துக் காரணங்களை அடுக்கி அதற்கு மறுமொழி எழுதினார். அன்றைய எட்டு கோல்களில் ஒன்றுகூட முல்லருடையதன்று என்பதால் அம்மறுமொழியின் கிண்டலுக்கு இடம் தானாகவே அமைந்தது. ஆயினும் முல்லரின் கேள்வியைக் கிண்டலால் கடந்துவிட முடியாது. முடிவு முன்பே தெரிந்த மோதலை ஆட்டம் என்று அழைக்கலாமா என்பதே அதன் உட்கிடை. அது தத்துவக் கேள்வியே.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, வெல்வதைவிடப் பங்கேற்பதே பெரிது என்பது. கேட்பதற்கு இதமான இவ்விடை உண்மையில் எதையும் விளக்குவதில்லை. விளையாட்டு என்பது யாது என்பதை இருபதாம் நூற்றாண்டில் மிகக் கூர்மையாக ஆராய்ந்த பெர்னார்டு சூட்ஸ், 1978-இல் வெளியான ‘வெட்டுக்கிளி’ என்ற நூலில், தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று வரையறுத்தார். பந்தைக் கையால் தூக்கிச் சென்று வலைக்குள் போடுவது எளிது. கையைப் பயன்படுத்தாமல், அதுவும் பதினொருவர் மறிக்கும்போது, அதைச் செய்ய வேண்டும் என்ற விதியை ஏற்பதாலேயே கால்பந்து பிறக்கிறது. இவ்வரையறையில் ‘முயல்வது’ என்பதே உயிர்நிலை. விதிகளை மீறி வெல்ல நினைப்பவரை ஏமாற்றுபவர் என்று குறிப்பிடும் சூட்ஸ், விதிகளை மதித்தும் இலக்கில் நாட்டமின்றிக் காய் நகர்த்துபவரை வேறொரு வகையாகப் பிரிக்கிறார். அவரை விளையாட்டுக்காட்டுபவர் எனலாம். அவர் களத்தில் நிற்கிறார், ஆனால் ஆடவில்லை. ஆகவே வெற்றியில் அக்கறையற்ற பங்கேற்பு, சூட்ஸின் நோக்கில், பங்கேற்பே ஆகாது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பத்துப் பேரைத் தன் எல்லைக்குள் நிறுத்தி, கோல் அடிக்கும் எண்ணத்தையே கைவிட்டு, 0-8 வராமல் 0-4 வந்தால் போதும் என்று தடுத்தாடும் அணி, இலக்கை நோக்கி முயலும் அணியா, விளையாட்டுக்காட்டும் அணியா? சான் மரினோ பல ஆண்டுகள் இப்படித்தான் ஆடியது; இதைக் குறைசொல்வோர் அந்நாட்டிலேயே உண்டு. ஆனால் கோலின்றிச் சமன் செய்வது விதிகளே வழங்கும் ஒரு புள்ளிக்குரிய முடிவு என்பதையும், கோல் வித்தியாசத்தைக் குறைப்பது பிரிவின் புள்ளிப்பட்டியலில் எண்ணப்படுவது என்பதையும் நோக்கினால், வெற்றி என்ற ஒற்றை இலக்குக்குக் கீழே பல படிகளைக் கால்பந்தே அமைத்துவைத்திருப்பது விளங்கும். அப்படிகளுள் ஒன்றை மெய்யாகவே விரும்பி, அதற்காக மூச்சிரைக்க ஓடுபவர் ஆடுபவரே. எந்தப் படியையும் விரும்பாமல் தொண்ணூறு நிமிடம் கழிந்தால் போதும் என்று நிற்பவரை மட்டுமே சூட்ஸின் குற்றச்சாட்டு தொடும்.

பகவத் கீதையின் கர்மயோகம், அதாவது பலனில் பற்றின்றிக் கடமையைச் செய்யும் நெறி, இவ்விடத்தில் உடனே நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அதை அப்படியே இங்கே பொருத்துவோர் கீதை சொல்வதைப் பாதியாகவே எடுத்துக்கொள்கின்றனர். வெற்றியையும் தோல்வியையும் சமமாகக் கொள்ளுமாறு இரண்டாம் அத்தியாயத்தில் கூறும் கண்ணன், பதினோராம் அத்தியாயத்தில் எழுந்து நின்று பகைவரை வென்று அரசாளுமாறும் அர்ச்சுனனுக்குச் சொல்கிறான். அர்ச்சுனன் குறிபார்த்து எய்ய வேண்டும், வெல்வதற்காகவே எய்ய வேண்டும். வெற்றி தன் உடைமை என்ற எண்ணமே விடப்பட வேண்டியது. ஸ்டோயிக்குகள் எனப்படும் கிரேக்க, ரோமானிய அறிஞர்களும் வில்லாளி உவமையால் இதற்கு நெருங்கிய கருத்தைச் சொன்னார்கள்: இலக்கைத் தைக்க இயன்றதனைத்தையும் செய்வதே வில்லாளியின் இறுதி நோக்கம், இலக்கைத் தைப்பது விரும்பத்தக்கது, ஆயினும் இறுதி நோக்கம் அன்று. சிசரோவின் நூல் வழியே நமக்குக் கிடைக்கும் இவ்வாதத்தைப் புளூடார்க் கடுமையாக எள்ளினார். தைப்பதற்காகவே எல்லாவற்றையும் செய்துவிட்டு, தைப்பது என் நோக்கமன்று என்பது முரண் என்பது அவர் கட்சி. பொதுவாழ்வின் பல செயல்களில் புளூடார்க்கின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். நோயாளி பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர மருத்துவருக்கு வேறு நோக்கம் இருப்பது நல்லதன்று. விளையாட்டில் மட்டும் ஸ்டோயிக்கு சொல்வது முரணின்றி நிற்கிறது, ஏனெனில் அங்கே முயற்சி நிகழ வேண்டும் என்பதற்காகவே இலக்கு ஏற்படுத்தப்பட்டிருக்கிறது.

ஆயினும் கீதையைக் காட்டிலும் சான் மரினோவுக்கு நெருங்கி வருவது, அதிகம் பேசப்படாத மீமாஞ்சையின் ஒரு நுணுக்கம். வேத வாக்கியங்களின் பொருளையும் சடங்குகளின் முறையையும் ஆராயும் அத்தரிசனம் கருமங்களை இரு பெரும் வகையாகப் பிரிக்கிறது. மழை வேண்டிச் செய்யும் காரீரி வேள்வி போல, ஒரு பலனை விரும்பிச் செய்வன காமிய கருமங்கள். நாள்தோறும் செய்யும் அக்கினிஹோத்திரம் போல, விடாமல் ஆற்றியே தீர வேண்டியன நித்திய கருமங்கள். காமிய கருமத்தில் ஓர் அங்கம் குறைந்தாலும் பலன் இல்லை. முழுமையாகச் செய்ய இயலாதவர் அதைத் தொடங்காமலிருப்பதே நன்று. நித்திய கருமமோ இயன்ற அளவில் செய்யப்பட்டாலும் நிறைவேறியதாகவே கொள்ளப்படும், ஏனெனில் அங்கே குற்றம் குறைவாகச் செய்வதில் இல்லை, செய்யாது விடுவதில் உள்ளது. மீமாஞ்சையின் மூலநூலான ஜைமினியின் சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயம் இதை விரிவாக ஆராய்கிறது. முல்லரின் முறையீடு சர்வதேச ஆட்டத்தைக் காமிய கருமமாகக் காண்கிறது: வெல்லும் ஆற்றலின் அங்கங்கள் உடையவர் மட்டுமே வரட்டும் என்கிறது. சான் மரினோ அதை நித்திய கருமமாகக் காண்கிறது. ஒரு நாடு நாடாக இருப்பதன் அன்றாடக் கடன்களுள் ஒன்றாக, அழைக்கப்பட்ட நாளில் பதினொருவரை அனுப்புகிறது.

இந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. அக்கினிஹோத்திரத்தில் எதிரணி இல்லை. ஆட்டத்திலோ எதிரே நிற்பவருக்கும் ஒரு கடன் இருக்கிறது. வலியவர் மெய்யாக மோதுவதற்குத் தடை வேண்டும். அத்தடையாக நிற்பதே எளியவர் அவருக்குச் செலுத்தும் கடன். அக்கடனைச் செலுத்தத் தவறிய நாள்கள் சான் மரினோவுக்கு உண்டு. 2006-இன் பதின்மூன்று கோல்கள் அத்தகைய நாளின் கணக்கு என்பதை மறைப்பதற்கில்லை.

காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்கு எறிந்து தவறிய வேலை ஏந்துவது இனிது என்று படைச்செருக்கைப் பாடும்போது வள்ளுவர் கருதுகிறார். அவர் அளவுகோலின்படி ஜெர்மனியிடம் தோற்பதே லிக்டன்ஸ்டைனை வெல்வதைவிட மேன்மையாக இருக்க வேண்டும். சான் மரினோவின் மக்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் கொண்டாடியவை லிக்டன்ஸ்டைனுக்கு எதிரான வெற்றிகளே. இதில் அற்பத்தனம் இல்லை. வள்ளுவரின் வீரன் யானையையும் வீழ்த்தக்கூடியவன். அதனாலேயே முயல் அவனுக்கு இழிவு. முயலே யானையளவு பெரிதாக நிற்கும் ஒருவனுக்கு அக்குறளின் செருக்கு பொருந்தாது.

முயற்சிக்கு ஏற்ப வராத பலனையும் இவ்வணி ஒருமுறை கண்டிருக்கிறது. 1993 நவம்பர் 17 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், பொலோன்யா நகரில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய 8.3 வினாடியில், இங்கிலாந்து வீரர் ஸ்டூவர்ட் பியர்ஸ் தம் கோல்காப்பாளருக்கு மெதுவாகத் திருப்பித் தட்டிய பந்தை இடைமறித்து டாவிடே குவால்டியெரி கோல் அடித்தார். சமன் செய்ய இங்கிலாந்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் பிடித்தது; முடிவு 7-1. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுகளின் மிக விரைவான கோல் என்ற பெருமையை அது 2016 வரை, பெல்ஜியத்தின் கிறிஸ்டியான் பென்டெகே ஜிப்ரால்டருக்கு எதிராக 8.1 வினாடியில் அடிக்கும் வரை, தக்கவைத்திருந்தது. எதிராளியின் பிழையால் விளைந்த அக்கோல் உழைப்பின் கூலியன்று என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் பந்து பின்னோக்கித் தட்டப்பட்ட அக்கணத்தில், கோல் அடிக்க முடியும் என்று நம்பி முன்னோக்கி ஓடிய கால்கள் குவால்டியெரியுடையவை. பலனில் பற்றற்றவர் அங்கே நின்றிருப்பார்.

2004-க்குப் பின் 140 ஆட்டங்கள் வெற்றியின்றிக் கழிந்தன. 2024 செப்டம்பர் 5 அன்று, ஐரோப்பிய அணிகளைத் தரத்துக்கேற்ப நான்கு அடுக்குகளாகப் பிரித்து நடத்தும் நேஷன்ஸ் லீக் போட்டியில், நிக்கோ சென்சோலி என்ற 19 வயது இளைஞரின் கோலால் சான் மரினோ மீண்டும் லிக்டன்ஸ்டைனை வென்றது. நட்புமுறை ஆட்டங்களை நீக்கிப் பார்த்தால் அதுவே அந்நாட்டின் முதல் வெற்றி. முந்தைய வெற்றியின்போது சென்சோலி பிறந்திருக்கவில்லை. இவ்வெற்றி அந்த இருபதாண்டுகளுக்குப் பொருள் தந்தது என்று பலரும் எழுதினர். அக்கூற்றை ஏற்பதில் தயக்கம் உண்டு. பின்னர் வந்த வெற்றியே முன்னைய தோல்விகளுக்குப் பொருள் தருமானால், அவ்வெற்றி வராமலே போயிருந்தால் அவை பொருளற்றவையாக நின்றிருக்கும். அந்த இடைக்காலத்தில் மட்டும் ஆடி ஓய்வுபெற்ற ஒருவரின் மதிப்பு, அவர் காணாத ஆட்டமொன்றில், அவரைக் காணாத இளைஞர் ஒருவரின் காலைப் பொறுத்ததாகிவிடும். நித்திய கருமத்துக்கு அப்படிப்பட்ட பின்னாள் சான்று தேவையில்லை.

அதே ஆண்டு நவம்பர் 18 அன்று லிக்டன்ஸ்டைனின் தலைநகரான வடூஸில், முதலில் ஒரு கோல் பின்தங்கியிருந்தும், இரண்டாம் பாதியில் மூன்று கோல்கள் அடித்து 3-1 என்று வென்ற சான் மரினோ, வெளிநாட்டு மண்ணில் தன் முதல் வெற்றியைப் பெற்று, ஏழு புள்ளிகளுடன் தன் பிரிவில் முதலிடம் பிடித்து, நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தப்பட்டது. உயர்வின் நேரடி விளைவு, வெல்வதற்கு வாய்ப்பிருந்த லிக்டன்ஸ்டைன், ஜிப்ரால்டர் போன்ற அணிகளை விட்டுப் பிரிந்து, வெல்வதற்கு வாய்ப்புக் குறைந்த அணிகளை எதிர்கொள்ளும் உரிமை. அதற்கிடையே உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று வந்தது. 2025 அக்டோபர் 9 அன்று வியன்னாவில் ஆஸ்திரியா 10-0 என்று வென்றது.