கொட்டாங்குச்சியில் ஊசி

காலை. சானடோரியம் ஸ்டேஷனில் மின்ரயில் நின்று கிளம்புகிறது. வீட்டு ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்து அடங்குகிறது.

மடியில் அரைக் கொட்டாங்குச்சி.

⁂

நார் போன பிறகும் ஓடு சொரசொரவென்று இருக்கிறது. உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுகிறேன். அப்புறம் உப்புத்தாள். பழுப்புத் தூள் சேலை மடிப்பில் விழுகிறது.

மூன்று கண் உள்ள பாதி இது. தரையில் வைத்தால் ஆடுகிறது. அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் வளையலை ஒட்டுகிறேன்.

நிற்கிறது.

⁂

உள்ளே அடைக்க முடி. சீப்பில் வருவதைச் சுருட்டி ஜன்னல் மூலையில் செருகுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. முடிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரின் குரல் தெருவில் கேட்டு நாளாகிறது. உருண்டைகள் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

இந்த ஊர் ஈரத்தில் ஊசி ஒரு மழைக்காலம் தாங்காது. முடியில் ஊறிய தேங்காயெண்ணெய் துருவை அண்ட விடுவதில்லை.

கறுப்பு. நரை. மருதாணி ஏறிய செம்பட்டை. எது எந்த வருஷத்தினுடையது, தெரியவில்லை.

⁂

பழைய வேட்டியில் வட்டமாக ஒரு துண்டு. இரண்டு மடிப்பு, எண்ணெய் கசியாமலிருக்க. ஓரம் சுற்றி ஓட்டுத்தையல். முடியை நடுவில் வைத்து நூலை இழுக்கிறேன். துணி வாய் சுருங்கி மூடிக்கொள்கிறது.

சிறிய உருண்டை. உள்ளங்கைச் சூடு அதில் கொஞ்ச நேரம் தங்குகிறது.

⁂

உருண்டையை ஓட்டுக்குள் அமுக்கியாயிற்று. முதல் ஊசி.

துணியில் எதிர்ப்பு இல்லை. முடியில் கொஞ்சம் உண்டு. பிறகு டிக். முனை ஓட்டில் முட்டுகிறது.

இன்னொரு தடவை. டிக்.

⁂

சானடோரியம் என்கிற பெயர் காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1931-ல், சென்னை பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்ரயில் ஓட ஆரம்பித்தது. இன்று டிக்கெட் கேட்கும்போது யாருக்கும் இருமல் நினைவில் இல்லை.

⁂

ஜன்னல் படியில் தேய்ந்த சோப்புகள் காய்கின்றன. குளிக்க உதவாத அளவுக்கு மெலிந்தவை. காயக் காய ஓரம் கூராகிறது.

கறுப்பு ரவிக்கைத் துணியில் ஒரு கோடு இழுக்கிறேன். வெள்ளை. கடையில் விற்கிற சாக்கட்டியைவிட மெல்லிய கோடு, என் கண்ணுக்கு. முதல் சலவையில் போய்விடும்.

துணி மீது குளியலறை மணம்.

⁂

வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தை. பழைய டிரங்க் ரோட்டின் ஓரத்தில் தார்ப்பாய் மேல் மிக்ஸி மூடி, குழாய், செல்போன் உறை, ஒற்றைச் செருப்பு. செத்த ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கர் இருபது ரூபாய்.

பின்பக்கத்துக் காந்தம் கழன்று வர அரை மணி நேரம். கறுப்பு வளையம். மொசைக் தரையில் தள்ளிக்கொண்டு போகிறேன். கட்டிலடியிலிருந்து குண்டூசிகள் எழுந்து வந்து சிலிர்த்து நிற்கின்றன, முள்ளம்பன்றி மாதிரி.

இதில் எத்தனை பாட்டு போயிருக்கும்.

நினைப்பு வருகிறது. போகிறது.

⁂

நீல பிஸ்கட் டப்பா. சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூரில், அக்கா வீட்டு அலமாரியில் இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு வண்டலோடு கிடைத்தது.

பாதி உயரத்தில் துருக்கோடு. தேய்த்தால் போகும் என்கிறார்கள். தேய்க்கவில்லை.

கோட்டுக்குக் கீழே பாபின், ஊக்கு, கொக்கி. மேலே நூல்கண்டு. யோசித்து வைத்ததல்ல, அப்படி அமைந்தது.

மூடியைத் திறக்கும்போது பிஸ்கட் மணம் இல்லை. மண்ணும் இல்லை. மெஷின் எண்ணெய்.

⁂

மாலை. மெப்ஸ் வாசலில் ஷிப்ட் விடுகிறது. 1984-லிருந்து இருக்கிற ஏற்றுமதி வளாகம், தையல் கம்பெனிகளும் உண்டு. ரோட்டைக் கடக்கிற ஒரு பெண்ணின் தோளில் பச்சை நூல் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அவளுக்குத் தெரியாது.

ரயில் அவளோடு போகிறது.

⁂

இரவு. மின்விசிறி. ஊசிகளை எண்ணுகிறேன். பன்னிரண்டு இருக்க வேண்டும்.

பதினொன்று.

காந்தத்தைத் தரையெல்லாம் ஓட்டியாயிற்று. கொட்டாங்குச்சியை எடுத்து விரலால் மெதுவாக அமுக்குகிறேன். மெத்து. மெத்து.

காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறேன்.

சத்தமில்லை.