செல்லும், செல்லாது

பத்திரம் எழுதுகிறவரிடம் 'சட்டபூர்வமான', 'முறையான', 'செல்லத்தக்க', 'நியாயமான' என்ற நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் ஒன்றுதான் சார். நாலையும் சேர்த்துப் போட்டால் பத்திரம் கெட்டியாக இருக்கும்" என்பார்.

அந்தக் கெட்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் மூன்று சொற்களும் பங்காளிகளாக இருக்கலாம். நான்காவது அந்தக் குடும்பமே அல்ல.

நான்கிலும் யோக்கியமான சொல் 'செல்லத்தக்க' என்பதுதான். ஆங்கிலத்தில் 'வாலிட்' என்கிறார்களே, அதன் லத்தீன் வேருக்கு வலிமை என்று பொருள். நம் சொல் வலிமையைப் பேசவில்லை, நடமாட்டத்தைப் பேசுகிறது. காசு செல்லும், ஊரில் ஒருவர் வாக்குச் செல்லும். 2016 நவம்பர் 8-ஆம் தேதி மாலை வரை மளிகைக் கடையில் சென்ற ஐந்நூறு ரூபாய் நோட்டு, மறுநாள் காலை செல்லவில்லை. தாளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது, அதை ஏற்கிறவர்களின் மனம்.

செஞ்சியிலும் ஒரு தாளுக்கு இதே கதி நேர்ந்தது. மராட்டியரிடமிருந்து 1698-இல் மொகலாயர் பிடித்த அந்தக் கோட்டைக்குப் பின்னர் கில்லேதாராக இருந்தவர் சொரூப் சிங் என்ற பந்தேலா ராஜபுத்திரர். அவருக்கு ஔரங்கசீப் பர்மான் கொடுத்திருந்தார். ஔரங்கசீப் 1707-இல் இறந்தார். சொரூப் சிங் 1714-இல் இறந்தார். மகன் தேஜ் சிங் வந்து கோட்டையைத் தன் வசம் எடுத்துக்கொண்டான். நம் ஜனங்களின் வாயில் அவன்தான் தேசிங்கு ராஜன். புதிய பாதுஷாவிடம் பர்மானைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று தகப்பனின் காரியதரிசி புத்தி சொன்னாராம். பையன் கேட்கவில்லை. தகப்பனுக்குக் கொடுத்த பர்மான் இருக்க, இன்னொருவரிடம் போய் நிற்பானேன் என்பது அவன் கட்சி.

ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் கட்சி வேறு. கில்லேதார் உத்தியோகம் பிதிரார்ஜிதச் சொத்து அல்ல. கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. போதாததற்குக் கப்பப் பாக்கி ஏறிக் கிடக்கிறது. வக்கீல் கண்ணோடு பார்த்தால் நவாபுதான் ஜெயிப்பார். பாக்கியும் கற்பனை அல்ல. ஆனால் பாக்கி கேட்கப் பெரும் படையோடு வந்து, இருபதைச் சற்றே தாண்டிய ஒரு வாலிபனை 1714 அக்டோபரில் போர்க்களத்தில் சாய்த்ததை நியாயமான காரியம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நவாபின் வாதம் செல்லும். அவ்வளவுதான்.

கொடுத்தவர் இறந்ததும் வாக்கும் இறந்துவிடுமா என்பதல்லவா அந்தப் பையனின் கேள்வி? 'செல்லும்' என்ற சொல்லிடம் அதற்குப் பதில் கிடையாது. இன்றைக்குத் தாளை யார் ஏற்கிறார்கள் என்று மட்டுமே அது பார்க்கும். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது 'நியாயமான' என்ற சொல்லின் வேலை. இரண்டையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு அடுக்குகிறோமே, அந்தக் காற்புள்ளிக்குள் எத்தனை பேருடைய வீடு வாசல் போயிருக்கிறது!

சட்டத்துக்கும் இந்தச் சங்கடம் தெரியாமல் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பயமுறுத்தி வாங்கிய கையெழுத்தை அடியோடு செல்லாது என்று தள்ளிவிடவில்லை. செல்லும் என்று விட்டுவிடவும் இல்லை. பயந்து கையெழுத்திட்டவனே வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது. அடிபட்டவனைப் பார்த்து, 'நீ என்னப்பா சொல்கிறாய்?' என்று சட்டம் கேட்கிற அபூர்வமான இடம் அது.

தேசிங்கை யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்தப் பெண்ணின் நினைவாக நவாபு ஓர் ஊர் கண்டு, ராணிப்பேட்டை என்று பெயர் வைத்ததாகச் சொல்கிறார்கள். புருஷனின் தாளை ஏற்காதவர் மனைவியின் பெயரை ஏற்றுக்கொண்டார் போலிருக்கிறது. 2019-இல் அது ஒரு மாவட்டத்துக்கே பெயராகிவிட்டது.