கனவில் வந்த பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஹெவி மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவரா நீங்கள்? பரவாயில்லை. இந்த வாரம் பேசப்போவது சத்தத்தைப் பற்றி அல்ல, சொந்தத்தைப் பற்றி.

பிரேசிலில் பெலோ ஹொரிசாண்டே என்று ஒரு நகரம். அங்கே மேக்ஸ், இகோர் என்ற கவலேரா சகோதரர்கள் 1984-ல் ‘செபல்டுரா’ என்றொரு மெட்டல் குழு ஆரம்பித்தார்கள். போர்த்துகீசிய மொழியில் ‘கல்லறை’ என்று அர்த்தம். ரொம்ப மங்களகரமான பெயர்! பாடியது இங்கிலீஷில். வாசித்ததும் வெளிநாட்டு ரெக்கார்டுகளில் கேட்ட மாதிரி. சுருக்கமாக, இரவல் சரக்கு.

அப்புறம் சொந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். 1996-ல் வந்த ‘ரூட்ஸ்’ ஆல்பத்தில், பாஹியாக்காரரான கார்லின்யோஸ் பிரவுனின் தாளங்கள் கிடார் உறுமலோடு கலந்தன. அதோடு விடவில்லை. மாட்டோ குரோசோ மாநிலத்தில் ஷவாந்தே பழங்குடிகளின் கிராமத்துக்கே போய்த் தங்கி, அவர்களோடு சேர்ந்து ‘இட்சாரி’ என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள்.

இங்கேதான் கேள்வி. ஷவாந்தேக்களின் பாட்டு இந்த நகரத்துப் பையன்களுக்கும் சொந்தமா? பாஸ்போர்ட் ஒன்று என்பதால் பாட்டும் ஒன்றாகிவிடுமா?

‘கலையில் கலப்படம் இல்லாதது எது சார்?’ என்பார்கள் சிலர். வாஸ்தவம். சாம்பா, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்களின் வாரிசுகள் வளர்த்தது. மெட்டல், பர்மிங்ஹாமின் ‘பிளாக் சாபத்’ குழுவிடம் உருவெடுத்தது என்பார்கள். அதன் அடியில் ஓடுவது கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ். அப்படிப் பார்த்தால் சாம்பாவும் மெட்டலும் சேர்வது, பிரிந்துபோன ஒன்றுவிட்ட சகோதரர்கள் சந்திப்பது மாதிரி. ‘அவரவர் சொத்தை அவரவர் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சட்டம் போட்டால், பிரேசில் பையன்களுக்கு மெட்டலே கிடைத்திருக்காது.

ஆனால் ‘எல்லாமே கலப்பு’ என்பதிலிருந்து ‘எதையும் எடுத்துக்கொள்ளலாம்’ என்பதற்குத் தாவுவது நியாயமில்லை. அந்தப் பழைய கலப்பு யாரைக் கேட்டு நடந்தது? சவுக்கடியின் கீழ் நடந்தது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்ததே 1888-ல்தான். அன்று கேட்காமல் நடந்தது, இன்றைக்குக் கேட்காமல் எடுக்க லைசென்ஸ் ஆகாது.

ஷவாந்தேக்களிடம் ஓர் அழகான வழக்கம் உண்டு. இளைஞர்களுக்குப் பாட்டு கனவில் வருகிறது. கனவு கண்டவன் அதைப் பூட்டி வைப்பதில்லை. தன் வயதுக் கூட்டாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். கவனியுங்கள். பாட்டு பொதுவாகிறது, ஆனால் நடுவில் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான்.

இரவலுக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. ரத்தமோ தேசமோ அல்ல. கொடுப்பவன் இருந்தானா, ‘வேண்டாம்’ என்று சொல்ல அவனுக்கு இடம் இருந்ததா என்பதுதான். செபல்டுரா அனுமதி கேட்டுப் போனது, சேர்ந்து பாடியது, ஆல்பத்தில் அவர்கள் பெயரையும் போட்டது. அந்த வரைக்கும் சரி.

சிக்கல் அதற்குப் பிறகு. டிஸ்க்கில் ஏறிய குரலைத் திரும்ப வாங்க முடியாது. எங்கோ ஒருவர் அதில் நாலு விநாடியை வெட்டித் தன் பாட்டில் ஒட்டும்போது, கொடுத்தவன் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆகவே ‘இது யார் கொடுத்தது?’ என்று கேட்கும் பொறுப்பு கைமாறிக்கொண்டே வருகிறது. வாசிப்பவரிடமிருந்து, கேட்கிற நம் வரைக்கும்.