அபராதக் கணக்கு

பிழைக்கப் போன ஊரில் சலித்துப்போவது ஒருவனுடைய சொந்த விஷயம்தானா? கருவடிக்குப்பம் சித்தானந்த சாமி கோயில் பக்கம் போகும்போதெல்லாம் இது என்னை உறுத்துகிறது. 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் அந்நியராக இருந்த பாரதி இங்கெல்லாம் வந்துபோனார்; தாம் பார்த்தேயிராத பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகவும் அழுதார்.

பிரெஞ்சுக் கவிஞர் ரிம்போவோ நேரில் பார்த்தவர். கவிதையை விட்டொழித்து, 1880 இறுதியில், காப்பியும் தோலும் வாங்க இன்றைய எத்தியோப்பியாவின் ஹராருக்குப் போனார். இடைவெளிகளோடு 1891 வரை அங்கே வாசம். அந்த ஊர்ப் பாஷைகளையும் கற்றார் (மொழி தெரியாத தனிமை என்று நாம் சமாதானம் சொல்ல வழியில்லை). வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் சலிப்பு, சரக்கு, பணம். நான் படித்தவற்றில் காப்பி பயிரிட்டவன் முகம் தெரியவில்லை. 1891 ஏப்ரலில், கால் வீங்கி நடக்கமுடியாமல் போனவரை 16 பேர் டோலியில் கடற்கரைக்குச் சுமந்தார்கள். வழியில் கீழே போட்டுவிட்ட சிலரின் பெயர்களை, தலைக்கு ஒரு தாலர் அபராதம் என்று குறித்துவைத்தார்.

இதற்காக ரிம்போவை வெறுக்க முயன்றேன், முடியவில்லை. மூன்று வருஷம் ஒரு கிராமக் கிளையில் விவசாயக் கடன் மேஜையில் உட்கார்ந்து மாற்றலுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரர்களில் இன்றும் எனக்குப் பெயர் நினைவிருப்பது தவணை தவறியவர்கள் மட்டும்தான்.