தொக்கி நிற்பவள்

கம்பாசிட்டிங் வேலையில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு, "நீ எதுவுமே செஞ்ச மாதிரி தெரியலையே" என்பது. இதே வாக்கியத்தை வீட்டில் ஒரு பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். தரை பளிச்சென்று இருக்கிறது. துணி மடித்து அலமாரியில் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியவில்லை. "நாள் முழுக்க வீட்ல என்னதான் பண்ற?" என்று கேட்பார்கள். வேலை நன்றாக நடந்ததற்கான சான்றே, வேலை நடக்கவில்லை என்பதற்கான சான்றாகிவிடுகிறது. தெரியாமல் இருப்பது எப்போது ஒரு கலையின் வெற்றி, எப்போது ஒரு மனிதருக்கு இழைக்கப்படும் அநீதி? கடந்த ஓராண்டாக இந்தக் கேள்வியோடுதான் கணினித் திரைமுன் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தமிழாசிரியை. வயது நாற்பத்தாறு. எங்கள் கல்லூரியில் விஸ்காம் மாணவிகளுக்குப் பகுதி ஒன்று தமிழ் எடுக்கிறேன். பிளேட், மேட், கீ, ரோட்டோ என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்கு ஓரெழுத்தும் புரிந்ததில்லை. அவர்கள் மொழி தெரியாமல் அவர்களுக்கு மொழிப்பாடம் நடத்துவதில் ஏதோ ஒரு நியாயக்குறைவு இருப்பதாகப் பட்டது. மாலைநேரப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். அவர் என்னை "மேம்" என்றார், நான் அவரை "டீச்சர்" என்றேன். இந்த ஏற்பாடு இருவருக்கும் பிடித்திருந்தது.

வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் எடுத்த படங்களை ஒரே வெளிச்சத்தில், ஒரே மூச்சில் எடுத்ததுபோல் ஒன்றாக்குவதுதான் கம்பாசிட்டிங். இது கணினியோடு வந்த வித்தை அல்ல. பிரான்சில் ஜார்ஜ் மெலியஸ் 1900இலேயே ஒரே ஃபிலிமைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தானே ஏழு இசைக்கலைஞர்களாக ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊரில் 1957இல் வந்த 'மாயாபஜா'ரில் மார்கஸ் பார்ட்லி கேமராவுக்குள்ளேயே காட்டிய ஜாலங்களை இன்றும் பேசுகிறோம். கணினி வந்த பிறகு நடந்த முக்கியமான மாற்றம் ஓர் எண்தான். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. 1970களின் இறுதியில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். அந்தப் புள்ளியில் உருவம் முழுமையாக இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்.

கஷ்டமெல்லாம் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில்தான். ஒருவரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க அவர் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைவது ரோட்டோ. தலை தனி, மேல்கை தனி, முன்கை தனி, ஒவ்வொரு விரலும் தனி. நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடிக் காட்சி என்றால் 120. இடையிடையே உள்ள ஃபிரேம்களில் மென்பொருள் தானே கோட்டை நகர்த்தித் தரும், ஆனால் நம்பிவிட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும். ரோட்டோ செய்பவர்கள் அஞ்சுவது கூந்தலுக்கு. காற்றில் பறக்கும் முடி எந்தப் புள்ளியிலும் முழுதாக இருப்பதுமில்லை, முழுதாக இல்லாமல் போவதுமில்லை. பச்சைத் திரைமுன் எடுத்தால் வேலை சுலபம் என்பார்கள். ஆனால் திரையின் பச்சை அவள் கன்னத்திலும் கழுத்திலும் படிந்திருக்கும், அதைத் தனியே துடைக்க வேண்டும். பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் புடவையே கரைந்துவிடும். அப்போது நீலத் திரை கட்டுவார்கள்.

பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது பெசன்ட் நகர் கடற்கரையில் மாணவர்கள் எடுத்த ஆறு நொடிக் காட்சி. முன்னால் ஒரு பெண் நடந்து வருகிறாள். பின்னால் சுண்டல் விற்கும் அம்மா ஒருவர் குறுக்கே கடந்து போகிறார். அவரை நீக்க வேண்டும். ஒருவரை நீக்கினால் அங்கே ஓட்டை விழும். அவருக்குப் பின்னால் இருந்த கடலையும் மணலையும் மற்ற ஃபிரேம்களிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். படப்பிடிப்பில் புத்திசாலிகள் யாருமற்ற வெறும் இடத்தையும் சில நொடிகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு க்ளீன் பிளேட் என்று பெயர். ஆள் இல்லாத இடம்தான் சுத்தமான இடம் என்று தொழில்மொழி சொல்கிறது.

இரண்டு வாரம் அந்த அம்மாவை அழித்துக்கொண்டிருந்தேன். அதற்காக 144 ஃபிரேம்களிலும் அவரைப் பார்த்தேன். மணலில் இடது கால் புதையும்போது கூடையை இடுப்பில் ஒருமுறை ஏற்றிக்கொள்கிறார். முந்தானையை வலது கையால் இழுத்துச் செருகுகிறார். ஒரு கணம் கேமராவை நோக்கித் திரும்பி, உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காட்சியை எடுத்தவர்கள் அவரைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்திருந்தால் அவர் கடந்து போகும்வரை காத்திருந்திருப்பார்கள். இறுதிப் படத்தில் அவர் இல்லை. ஒருவரை அழிக்கும் வேலையைப் பெற்றவள்தான் அவரை எல்லோரையும்விட அதிகமாகப் பார்க்கிறாள். இது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. என் கவனத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. தன்னை யாரோ இரண்டு வாரம் பார்த்தது அவருக்குத் தெரியக்கூட வழியில்லை.

இங்கேதான் என் சொந்தத் துறை கைகொடுத்தது. தமிழ் இலக்கணத்தில் 'தொகை' என்று ஒன்று உண்டு. 'பால் குடித்தாள்' என்கிறோம். 'பாலை' என்பதில் உள்ள 'ஐ' வெளியே வரவில்லை. தொக்கி நிற்கிறது. மறைந்திருந்தாலும் பொருளைத் தாங்குவது அந்த உருபுதான். சொற்கள் ஒட்டி ஒரு சொல்போல ஆகின்றன, ஒட்டிய இடம் தெரிவதில்லை. கம்பாசிட்டிங்குக்குத் தமிழில் சொல் தேடினால், என்னைக் கேட்டால் 'தொகை' என்பேன். ஆனால் இலக்கணம் மறைத்ததோடு நின்றுவிடுவதில்லை. விரித்து எழுதச் சொல்கிறது. மறைந்தது எது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பெண். தொகைக்கு எதிர்ச்சொல் விரி. ஒன்றில்லாமல் மற்றொன்றை நாங்கள் கற்பிப்பதே இல்லை.

தொகைகளில் அன்மொழித்தொகைக்குப் பாடநூல்கள் வழிவழியாகக் காட்டும் உதாரணம் 'பொற்றொடி வந்தாள்'. பொன்னாலாகிய தொடியை அணிந்த பெண் வந்தாள் என்று விரிக்க வேண்டும். 'ஆகிய', 'அணிந்த' மட்டுமல்ல, 'பெண்' என்ற சொல்லும் அங்கே இல்லை. வளையல் மட்டும் தெரிகிறது, அணிந்தவள் தொக்கி நிற்கிறாள். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வரும் இந்த உதாரணம், ரோட்டோ பழகிய பிறகு வேறு மாதிரி கண்ணில் படுகிறது.

சினிமாவின் வரலாற்றை விரித்தால் தொக்கி நின்ற பெண்கள் வரிசையாக வருகிறார்கள். 1902இல் மெலியஸ் எடுத்த நிலவுப் பயணப் படத்துக்கு வண்ணப் பிரதியும் இருந்தது. எலிசபெத் தூய்லியே என்ற பெண் பாரிசில் நடத்திய பட்டறை அதற்கு வண்ணம் தீட்டியது. அந்தப் பட்டறையில் 200க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். ஒருத்திக்கு ஒரு வண்ணம் மட்டும். மிகச் சிறிய ஃபிரேம்களில், ஒவ்வொன்றாக. 1937இல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒய்ட்' படத்தின் கோடுகளை மைதீட்டி வண்ணம் பூசியவர்களும் பெரும்பாலும் பெண்களே. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்கள் இல்லை. பொறுமை பெண்களின் இயல்பு என்று சொல்லி இந்த வேலை கொடுக்கப்பட்டது. இயல்பு என்று சொல்லிவிட்டால் அது திறமை ஆகாது, கூலியும் உயராது.

இன்று அந்த வேலை பெண்களிடமிருந்து நாடுகளுக்கு மாறியிருக்கிறது. ஹாலிவுட் படங்களின் ரோட்டோவும், கம்பி நீக்கும் வேலையும் மும்பை, ஹைதராபாத், சென்னை, பெங்களூரு நகரங்களுக்கு வருகின்றன. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' கதையின் புலியைத் திரையில் உலவவிட்ட ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் புலிக்காக ஆஸ்கர் வாங்கியது. விருதுபெற்றவர் மேடையில் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியதும் 'ஜாஸ்' படத்தின் இசையைப் போட்டுப் பேச்சை முடித்தார்கள். அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். புலியை எல்லோரும் பார்த்தோம்.

என் டீச்சர் ஏழு ஆண்டு ரோட்டோ செய்தவர். படம் வெளியானதும் அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போவாராம். "இதுல நீ எங்கம்மா இருக்க?" என்று அம்மா கேட்பார். "அந்தக் காரு ஓடுதுல்ல, அதோட ஓரத்துல" என்பார் இவர். பெயர் ஓடும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள். போடாவிட்டாலும் பல படங்களில் இவர் பெயர் இருந்ததில்லை.

கைகள் மறைவது ஒரு பிரச்சினை. எதை மறைக்கச் சொல்கிறார்கள் என்பது அதைவிடக் கூர்மையான பிரச்சினை. 2007இல் வந்த 'சிவாஜி'யின் 'ஸ்டைல்' பாடலில் ரஜினிகாந்த் வெள்ளைத் தோலோடு வருவார். அது ஒப்பனை அல்ல. வெள்ளைக்காரப் பெண் ஒருவரை அதே காட்சிகளில் நடிக்கவைத்துப் படம்பிடித்து, அவர் தோலின் நிறத்தைக் கதாநாயகன்மேல் பொருத்தினார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அசாத்தியமான உழைப்பு, இப்போது பழகியவளாக எனக்கு அதன் கடினம் புரிகிறது. ஆனாலும் விரித்து எழுதுவோம். ஒரு பெண்ணின் தோல் திரையில் இருக்கிறது, அந்தப் பெண் இல்லை. அதே படத்தில் பாரி மகளிரின் பெயர்களாக மரபு சொல்லும் அங்கவை, சங்கவை என்ற பெயர்களைச் சூட்டி, கறுப்பு நிறத்தில் இரண்டு பெண்களைச் சிரிப்புக்காக நிறுத்தினார்கள். ஆணின் கறுப்பை நீக்க அத்தனை பேர் உழைத்தார்கள். பெண்ணின் கறுப்புக்குச் சிரிப்பொலி போதுமானதாக இருந்தது.

2024இல் 'கோட்' படத்துக்காக ஐம்பது வயது விஜய்யின் முகத்திலிருந்து ஆண்டுகளைக் கழித்தார்கள். நாயகனின் வயதைக் கம்பாசிட்டிங் நீக்கும். நாயகிக்கு வயதானால் நாயகியையே நீக்கிவிடுவது வழக்கம். அவளுக்காக மென்பொருள் திறக்கப்படுவது பெரும்பாலும் இடுப்பு மடிப்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தையும் தழும்பையும் துடைக்கத்தான். அவளிடம் யாராவது கேட்டார்களா? படப்பிடிப்பு முடிந்து அவள் வீட்டுக்குப் போன பிறகு அவள் உடம்பு இன்னும் வேலையில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாமல்.

என் வகுப்பில் ஒரு மாணவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மேம், தையல் தெரிஞ்சா சட்டை நல்லாருக்குமா? மறைக்கிறதுதானே கலை?" என்றாள். நியாயமான கேள்வி. நானும் கவிதை எழுதுகிறவள். அடித்துத் திருத்திய வரிகளை அச்சில் காட்டுவதில்லை. படத்தில் ஒட்டு தெரிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கம்பியில் தொங்கும் சண்டைக் கலைஞரின் உயிரைக் காப்பது அந்தக் கம்பி. அதைத் திரையில் நீக்குவதில் யாருக்கும் இழப்பில்லை. பார்வையாளரும் மனமொப்பித்தான் ஏமாறுகிறார். ஆனால் சட்டையில் மறையவேண்டியது தையல், தைத்தவர் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதில்தான் பெண்களின் உழைப்பு எப்போதும் தொலைந்திருக்கிறது. வேலை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அழகு என்ற நியாயத்தை எடுத்து, வேலை செய்தவர் தெரியாமல் இருப்பதும் அழகு என்று நீட்டிவிட்டோம். அடக்கம், தியாகம் என்ற பெயர்களையும் சூட்டிவிட்டோம்.

அதனால் மறைப்பது சரியா தவறா என்று இப்போது நான் கேட்பதில்லை. மறைத்ததை விரித்துச் சொல்ல முடிகிறதா என்று கேட்கிறேன். தன் இடுப்பு மடிப்பு நீக்கப்பட்டதை அந்த நடிகையிடம் சொல்ல முடியுமா? தோல் கொடுத்த பெண்ணின் பெயரைத் திரையில் போட முடியுமா? ஏழு ஆண்டுகள் ஓரங்களில் இருந்தவர் தன் அம்மாவுக்கு ஒரு பெயரைச் சுட்டிக்காட்ட முடியுமா? விரித்தால் கூசும் தொகை எதுவோ அங்கே களவு நடந்திருக்கிறது. விரித்தாலும் கூசாதது கலை.

இந்தப் பருவத்தில் மாணவிகளுக்குத் தொகைநிலைத் தொடர் நடத்தும்போது ஒரு பயிற்சி கொடுத்தேன். தாங்கள் செய்த காட்சி ஒன்றில் நீக்கியவை அனைத்தையும் தமிழில் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். மின்கம்பம், விளம்பரப் பலகை, மைக்கின் நிழல், பூனை என்று எழுதினார்கள். தையல் கேள்வி கேட்டவளின் பக்கத்தில் கடைசி வரி மட்டும் பென்சிலால் இருந்தது. நடித்த தோழியின் மேலுதட்டு மயிரை நீக்கியிருக்கிறாள். பக்கத்தில், 'அவளிடம் கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.