திருவாயிலில் விடப்படும் உயிர்கள்

மார்கழித் திங்களில் ஒருநாள் வைகறை வழிபாட்டிற்குச் சென்ற யாம், திருக்கோயில் வாயிலில் சாக்கொன்றிற் கட்டிவைக்கப்பெற்ற நாய்க்குட்டிகள் ஐந்தினைக் கண்டோம். கண் திறவாதவை, இரண்டு பனியில் இறந்துபட்டிருந்தன. சந்நிதியில் விட்டாற் பாவம் சாராதென்பது விட்டார் கருத்துப்போலும். இஃது எவ்வாகமத்திற் கண்டதோ அறியோம்.

தாயிழந்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டிற்கு இறைவன் தாய்ப்பன்றியாய் எழுந்தருளிப் பாலூட்டினன் எனத் திருவிளையாடற் புராணம் கூறும். நம்மவரோ, தாயுள்ள குட்டிகளைப் பிரித்து அவன் வாயிலிலேயே எறிகின்றனர்.

நாய்கள் அளவின்றிப் பெருகாதபடி கருத்தடை செய்வித்தல் நன்றென யாம் ஓரவையிற் கூறியபோது, முதிய அன்பரொருவர், "உயிர் வினைக்கீடாக உடம்பெடுக்க வருகின்றது, அவ்வழியை அடைத்தல் இறைவன் படைப்பிற்கு இடையூறன்றோ?" எனக் கடாவினார். எளிதின் ஒதுக்கற்பாலதன்று அவ்வினா. யாமும் சின்னாள் அதன்கண் உழன்றோம். உயிர்கள் அநாதி, கருவிற் புதிதாய்த் தோன்றுவன அல்ல. வினையறிந்து உடம்பைக் கூட்டுவிப்போன் முதல்வன். 84 நூறாயிரம் யோனிபேதம் அவன் ஆணைவழி நிற்ப, ஒரு தெருவில் ஒரு நாய் ஈனாதொழியின் அவ்வாணை தடைப்படும் என்றல், அவனது பேராற்றலுக்குக் குறை கூறுதலேயாம். ஆயினும், மயக்கமருந்து கொடுத்துச் செய்யினும் அறுவையின் பின் அவ்வுயிர்க்கு நோவுண்டு. அது நம்மாற் செய்யப்பெற்றதே. கொலையினும் பட்டினியினும் சிறிதென்று கருதியே அதனை உடன்படுகின்றோம்.

நாய் ஏறத்தாழ 63 நாளிற் குட்டியீனும். சென்னை மாநகராட்சியார் தெருநாய்களை மின்விசையாற் கொன்றுவந்த வழக்கம் 1996இல் நின்றது. கொன்ற இடத்தை வேறு நாய்கள் வந்து நிரப்பினவேயன்றித் தொகை குறைந்திலது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் 2001, 2023ஆம் ஆண்டுகளின் நடுவணரசு விதிகள் வகுத்த பொதுமுறை. அடையாளமாகக் காதின் நுனியிற் சிறிது வெட்டப்பெறும். மடங்களின் புறத்தே நாடோறும் சோறிடும் அன்பர்கள் அக்காதையும் ஒருமுறை நோக்குவாராக. பெருவிலைகொடுத்து அயல்நாட்டு நாய் வாங்குவோர், தம் தெருவிற் கிடக்கும் குட்டியொன்றை வீட்டிற் சேர்ப்பின் குறைவதென்னையோ!

எஞ்சிய மூன்று குட்டிகட்கும் பஞ்சில் நனைத்த பாலூட்டினோம். ஒன்றைப் பூக்காரரும் மற்றொன்றைப் பால்காரரும் கொண்டுசென்றனர். மூன்றாவது பெண், எவரும் வேண்டிலர். அஃது எம் திண்ணையில் வளர்கின்றது. சென்ற ஆடியில் அதன் காதும் வெட்டப்பெற்றது. கடாவிய முதியவரே அன்று அதனை மடியிலிருத்தி வண்டியில் உடன்வந்தனர்.